கேப்டன் மோர்டனின் எஃகு ஊசி

லெஸ் பார்லோ மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. சுப்பையா காலை ஆறு மணிக்கே குளித்து, டை கட்டி, கூடத்துச் சோபாவின் நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டார். வரப்போவது விருந்தாளி. இவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் கோர்ட்டில் தன் பெயரைக் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கும் ஆளைப் போலிருந்தது.

"மாமா, அங்கை இருந்து ஏன் குளிரிலை நடுங்கிறியள்? இந்தக் கதிரையிலை வந்து இருங்கோ. ஹீட்டர் இஞ்சைதானே இருக்கு," என்றான் மருமகன் விக்னராஜா.

"இருக்கட்டும் தம்பி. எனக்குக் குளிரல," என்றார் சுப்பையா. குளிரத்தான் செய்தது. மெல்பர்னில் ஆகஸ்ட் மாதம் குளிராமல் என்ன செய்யும்?

சுப்பையாவுக்கு அறுபத்தொரு வயது. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் டிரெஸ்ஸராக இருந்தவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் என்றால் தொழிலாளிகளுக்கு முழு டாக்டர், கணக்கெழுதும் கிராணிமாருக்கு அரை டாக்டர், தொரைக்கு மட்டும் கட்டுப்போடும் ஆள். மனைவி செத்த பிறகு தொழிலாளிகளின் லயத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் தனியாகக் கிடந்தவரை, ஒரே மகள் தனலெட்சுமி போன வருடம் மெல்பர்னுக்குக் கூட்டி வந்துவிட்டாள். அவள் நர்ஸ் படிப்புக்கு வந்து, இங்கேயே வேலை கிடைத்து, யாழ்ப்பாணத்து எஞ்சினியர் ஒருவனையும் கட்டிக்கொண்டு, ரயில் பாதை முடிகிற கிளென் வேவர்லியில் செங்கல் வீடும் வாங்கியிருந்தாள். மலாயாத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் அந்த வீட்டுக் குசினியில் தினமும் மல்லுக்கட்டின. அதில் சுப்பையாவுக்குக் கொஞ்சம் வேடிக்கையும் உண்டு.

மூன்று வாரமாக அந்த வேடிக்கை போய்விட்டது. தனலெட்சுமியின் வார்டில் பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்து படுத்த ஒரு பழைய சிப்பாய், அவள் மலாயாக்காரி என்று தெரிந்ததும் சயாம் கதையை ஆரம்பித்திருக்கிறார். நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்தாராம். ரயில் பாதை போட்ட இடத்தில் அவர் டாக்டருக்கு உதவி செய்யும் ஆர்டர்லியாம். தமிழ்க் கூலிகளுக்காகப் பிடித்து வரப்பட்ட ஒரு தோட்டத்து டிரெஸ்ஸர் அவர்களோடு வேலை செய்தாராம். பெயர் வாயில் நுழையாமல் எல்லாரும் அவரை "சூப்" என்று கூப்பிடுவார்களாம்.

தனலெட்சுமி அன்று வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். சுப்பையா சோறு தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பிசைந்த கை அப்படியே நின்றது.

"லெஸ் உயிரோடயா இருக்காரு?" என்று மட்டும் கேட்டார்.

சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று மகள் நினைத்துக்கொண்டாள். நினைக்காமல் என்ன செய்வாள்? அப்பா சயாமில் ஆஸ்திரேலிய டாக்டரோடு நின்று நூறு பேரைக் காப்பாற்றியவர் என்பதுதான் அவள் பிறந்து வளர்ந்த வீட்டுக் கதை. அவளுடைய தாய்மாமன் சிங்காரம் பத்தொன்பது வயதில் அங்கேயே வாந்திபேதியில் போனதும் அந்தக் கதையில் ஒரு பகுதி. நர்ஸிங் இண்டர்வியூவில், ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்று கேட்டபோது அவள் அப்பாவைப் பற்றித்தான் சொன்னாள். சுப்பையா இந்தக் கதையைத் தானாக ஒரு நாளும் சொன்னதில்லை. மறுத்ததும் இல்லை. அந்த மனிதரின் வாழ்க்கையே அப்படித்தான், கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம்.

லெஸ் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். ஒல்லியாக, உயரமாக இருந்தார்; காது இரண்டும் குளிரில் சிவந்து நின்றன. சண்டை முடிந்த பிறகு ரிட்டயராகும் வரைக்கும் குழாய் வேலை செய்தவர். கையில் ஒரு மரப்பெட்டி. வாசலிலேயே பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சுப்பையாவை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"சூப், நீ கிழவனாகிட்டே," என்றார்.

"நீங்களும்தான், லெஸ்," என்றார் சுப்பையா. அவருடைய தோட்டத்து ஆங்கிலம் அந்த நேரத்தில் அதற்கு மேல் வரவில்லை.

சாப்பாடு முடிந்தது. கோழிக் குழம்புக்கு லெஸ் மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார். பிறகு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பழைய கைதிகளின் சங்கம் ஒன்று அடுத்த மாதம் ஒரு ஹாலில் கண்காட்சி வைக்கப்போகிறது. முகாம்களில் டாக்டர்கள் எதை வைத்து வைத்தியம் பார்த்தார்கள் என்று காட்டப்போகிறார்கள். லெஸ் தன்னுடைய முகாமுக்குப் பொறுப்பு. சாமான்களுக்கெல்லாம் அட்டை எழுதியாகிவிட்டது. சூப் ஒரு தடவை சரி பார்த்துவிட்டால் போதும்.

அடிப்பக்கம் அறுத்த பீர் பாட்டில், ஸ்டெதஸ்கோப்பிலிருந்து கழற்றிய ரப்பர் குழாய், காலில் அழுகிய புண்ணைச் சுரண்டக் கூராக்கிய கரண்டி, கால் எடுக்க வைத்திருந்த தச்சன் ரம்பம், இரண்டு மூங்கில் ஊசி. சீவிச் சீவித் தீக்குச்சியை விடக் கொஞ்சம் தடிப்பாக, உள்ளே துளையோடு இருந்தன. தனலெட்சுமி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதை நரம்புக்குள்ள விட்டீங்களா?" என்றாள் நம்பமுடியாமல்.

"உன் அப்பாதான் ஊசிகளில் பாதியைச் சீவினார்," என்றார் லெஸ். "காலராவில் ஆளுக்குள்ளே இருக்கிற தண்ணியெல்லாம் போயிடும். உப்புத் தண்ணியை நரம்பில் ஏற்றினால் பத்தில் நாலு பேர் எழுந்திருப்பாங்க. ஆனால் சில பேருக்கு நரம்பு நூல் மாதிரிச் சுருங்கிப்போகும். மூங்கில் உள்ளே போகாது, பிளந்துவிடும். அவங்களுக்குத்தான் எஃகு ஊசி."

"அது எங்கே?" என்றான் விக்னராஜா.

லெஸ் துணியில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அதன் முன்னால் ஓர் அட்டையை வைத்தார். பிறகு அதை எடுத்து சுப்பையாவின் கையில் கொடுத்தார்.

"இதைத்தான் நீ முக்கியமாப் பார்க்கணும், சூப். நான் எழுதினதில் தப்பிருந்தால் சொல்லு."

அட்டையில் இப்படி இருந்தது: "எஃகு ஊசி. எங்களிடம் இருந்தது ஒன்றுதான். 1943 ஜூலை 11 அன்று என் கவனக்குறைவால் தொலைந்தது. அது இல்லாததால் கார்ப்பரல் வில்க்ஸ் 12ஆம் தேதியும், ஹாரி டோட் 13ஆம் தேதியும் இறந்தார்கள். எல். பார்லோ."

சுப்பையா ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"சரியா இருக்கு," என்றார்.

இந்த இடத்தில் அந்த ஊசியின் கதையைச் சொல்லியாக வேண்டும். சுப்பையா அதை முப்பத்து மூன்று வருடமாக யாருக்கும் சொல்லவில்லை.

அந்த எஃகு ஊசியை முகாமின் ஆஸ்திரேலிய டாக்டர் கேப்டன் மோர்டன் சிங்கப்பூரிலிருந்து தொப்பிப் பட்டிக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தார். முகாமில் அதற்கு ஒரு புகையிலை டின். டின் லெஸ்ஸின் பொறுப்பில். வேலை முடிந்ததும் கொதிக்கவைத்துத் திரும்ப டின்னில் போடுவது சுப்பையாவின் பொறுப்பு. சிப்பாய்களின் கூடாரங்கள் ஆற்றின் இந்தப் பக்கம். தமிழ்க் கூலிகளின் கொட்டகை ஒரு மைல் மேலே. கேப்டன் இரண்டு இடத்துக்கும் நடந்து நடந்து பார்த்தார்.

ஜூலை பதினொன்றாம் தேதி மத்தியானம், சிங்காரம் விழுந்துவிட்டான் என்று ஆள் வந்தது. சுப்பையா தோட்டத்தை விட்டு லாரி ஏறும்போது, தம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மனைவி கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். அப்போது ஊசி கொதிக்கிற தண்ணீரில் கிடந்தது. கேப்டன் பக்கத்துக் கூடாரத்தில்தான் இருந்தார். கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருப்பார். ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டால்? சுப்பையா கேட்கவில்லை. ஊசியை எடுத்து மடியில் முடிந்துகொண்டு மழையில் நடந்தார்.

சிங்காரத்துக்கு முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. இரண்டு பாட்டில் ஏறியது. நாலு மணிக்கு அவன் செத்துப்போனான். அன்று கொட்டகையில் பதினெட்டுப் பேர் போனதால் ஜப்பான்காரன் பாதையை மூடிவிட்டான். மறுநாள் முழுவதும் யாரும் நகர முடியவில்லை. பதின்மூன்றாம் தேதி காலையில்தான் திறந்துவிட்டான். சிப்பாய்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற நேரத்துக்கு சுப்பையா திரும்பி வந்து சேர்ந்தார். ஊசி மடியில் இருந்தது.

வந்தவர் கண்ணில் முதலில் பட்டது லெஸ்தான். காலராக் கழிவு கொட்டுகிற குழிக்குள் முழங்காலளவு நின்று, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார். கழுவின வாளித் தண்ணீரோடு ஊசியையும் கொட்டிவிட்டோம் என்று அவருக்கு ஓர் எண்ணம். முதல் நாளே வில்க்ஸ் செத்திருந்தான். இப்போது ஹாரி விழுந்திருந்தான். ஹாரியும் லெஸ்ஸும் ஒரே ஊர், ஒரே தெரு. "கேப்டன் லிஸ்ட்டிலிருந்து அதை அடித்துவிட்டார், சூப்," என்று லெஸ் அழுதார்.

அடித்துவிட்டார் என்ற சொல் சுப்பையாவின் வாயைக் கட்டிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்காதவர்களுக்கு இது புரியாது. அங்கே மாசக் கடைசியில் டவுனிலிருந்து பெரிய டாக்டர் ஸ்டோர் லிஸ்ட்டோடு வருவார். இல்லாத சாமானைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் தொலைத்தவன் பெயரை எழுதுவார். அதோடு விஷயம் முடிந்தது. அடித்த சாமான் மட்டும் திரும்பி வரவே கூடாது. வந்தால் அது தொலைந்த சாமான் இல்லை, திருட்டுச் சாமான். அப்புறம் போலீஸ்தான். அதனால் அடித்த கத்தரிக்கோல் அலமாரிக்குப் பின்னால் அகப்பட்டால், டிரெஸ்ஸர்மார் அதை ஆற்றில் போடுவார்களே தவிர அலமாரியில் வைக்க மாட்டார்கள். கேட்டால் சொல்லு, கேட்காவிட்டால் வாயைத் திறக்காதே என்றுதான் மூத்த டிரெஸ்ஸர் சுப்பையாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார். சயாம் காட்டில், நாலு பக்கமும் ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது, இந்த மனிதர் பேராக் தோட்டத்து ஸ்டோர் லிஸ்ட்டுக்குப் பயந்தார். இதை என்னவென்று சொல்வது?

சாயந்தரத்துக்குள் யாரும் பார்க்காதபோது டின்னில் போட்டுவிடலாம் என்று நினைத்தார். லெஸ் கை கழுவ ஒரு டின்னில் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பக்கம் வந்தபோது கேப்டன் இருந்தார், இந்தப் பக்கம் வந்தபோது ஜப்பான்காரச் சென்ட்ரி இருந்தான். ஐந்தரை மணிக்குக் கேப்டன் ஹாரியின் கணுக்காலில் மூங்கிலை விட்டுப் பார்த்தார். மூன்று தடவை பார்த்தார். மூன்றும் பிளந்தது. கால் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தது சுப்பையா. ஊசி அவர் மடியில் இருந்தது. ஆறு மணிக்கு ஹாரி போய்விட்டான். அதற்கப்புறம் அந்த ஊசியை எடுத்துக்கொடுக்க அவருக்கு நாக்கே இல்லாமல் போயிற்று. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. அவர் மீது அவ்வளவு நம்பிக்கை.

கிளென் வேவர்லி வீட்டில், அட்டை இன்னும் சுப்பையாவின் கையில்தான் இருந்தது.

"மிஸ்டர் பார்லோ, இப்படியா உங்க பேரையே போட்டு எழுதுவாங்க?" என்றாள் தனலெட்சுமி. "அந்த இடத்துல யாரு கையிலேயும் தவறியிருக்கும். உங்களை யாரும் குத்தம் சொல்லலியே."

"கேப்டன் ஒரு வார்த்தை சொல்லலை. தேடிப் பாருன்னு ஒரு தடவை சொன்னார். அப்புறம் சாகிற வரைக்கும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும்." லெஸ் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "உன் அப்பா மாதிரி ஆள் கிடையாதும்மா. ஹாரி செத்த அன்னைக்கு நான் அந்தக் குழிக்குள்ளே நிற்கிறேன். நாத்தம் தாங்காமல் ஒருத்தனும் கிட்ட வரலை. இவர்தான் ஒரு டின் வெந்நீர் கொண்டுவந்து என் கையில் ஊற்றினார். அதை நான் மறக்கலை."

தனலெட்சுமி அப்பாவைப் பார்த்துப் பூரித்துப்போனாள். சுப்பையா தலையைக் குனிந்துகொண்டார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"கண்காட்சிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள்," என்றார் லெஸ். "இந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் நான்தான் நிற்கப்போறேன். ஒரு நிமிஷக் கவனக்குறைவு என்ன செய்யும்னு சொல்லப்போறேன். இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு, சூப். வாளியைக் கவிழ்க்கிறேன், டிங்குன்னு வாளியில் ஊசி படுது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் குனிந்து பார்க்கலை. அந்தச் சத்தம்தான் என்னைத் தூங்கவிடாது."

சுப்பையா அட்டையை மேசையில் வைத்தார். விழாத ஊசிக்கு ஒரு மனுஷன் காதில் சத்தம் கேட்டிருக்கிறது. முப்பத்து மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. செய்த தப்பு தன்னோடு இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தார். அது இவ்வளவு தூரம் இன்னொருவன் வீட்டில் குடியிருந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. தன் மீதே அருவருப்பாக இருந்தது.

"ஒரு நிமிஷம்," என்று எழுந்து தன் அறைக்குள் போனார். டிரங்குப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அவர் திரும்பி வந்தபோது கையில் மடித்த பஞ்சு இருந்தது. அதைத் துணியில் காலியாக இருந்த இடத்தில் வைத்துப் பிரித்தார். பெரிய ஊசி. துரு இல்லை. வருடா வருடம் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்.

 லெஸ் அதைத் தொடவில்லை.

"வாளியில் அது விழலை, லெஸ்," என்றார் சுப்பையா. "நான் எடுத்தேன்."

நின்றுகொண்டேதான் சொன்னார். சிங்காரம் விழுந்தது, கேட்காமல் எடுத்தது, மழையில் நடந்தது, இரண்டு பாட்டில் ஏறியது, நாலு மணிக்கு அவன் போனது, ஜப்பான்காரன் பாதையை மூடியது. பாதையை மூடினது வரைக்கும் சொன்னார். அங்கே மூச்சு வாங்கினார்.

லெஸ் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, வெளுத்து, மறுபடியும் சிவந்தது. பிறகு எழுந்து வந்து சுப்பையாவின் தோளில் கையை வைத்தார்.

"பையன் எத்தனை வயசு?"

"பத்தொன்பது."

"என் தம்பியாக இருந்தால் நானும் எடுத்திருப்பேன்," என்றார் லெஸ். "ஹாரிக்காக எடுத்திருப்பேன். பாதையை மூடினால் நீ என்ன செய்வே? உன்னைத் திறந்துவிட்டபோது இங்கே எல்லாம் முடிஞ்சுபோச்சு. அப்படித்தானே? அப்புறம் எந்த முகத்தோடு கொடுப்பே?"

சுப்பையா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இது கேள்வியா, லெஸ்ஸே சொல்லிக்கொண்ட பதிலா? பதில் என்று எடுத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. அவர் கதிரையில் உட்கார்ந்தார்.

தனலெட்சுமி அழுதுகொண்டிருந்தாள், பார்த்தேயிராத மாமனுக்காக. விக்னராஜா அவள் முதுகைத் தடவினான். "மாமா, இவ்வளவு காலமும் இதை ஏன் தனியச் சுமந்தனீங்கள்? எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே," என்றான். அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது, ஒருவருக்கு மட்டும் இல்லை. லெஸ் மன்னித்தது ஊசியை எடுத்ததை. சுப்பையா முப்பத்து மூன்று வருடம் புழுங்கியது அதற்காக இல்லை. மடியில் வைத்துக்கொண்டு ஹாரியின் காலைப் பிடித்திருந்ததை இன்னும் யாரும் மன்னிக்கவில்லை, யாருக்கும் அது தெரியவும் இல்லை. இப்படியே விட்டுவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று ஒரு புத்தி சொன்னது. லெஸ் நிம்மதியாக டீ குடிக்கட்டும். மகள் அப்பாவை அப்பாவாகவே வைத்துக்கொள்ளட்டும்.

லெஸ் பழைய அட்டையை இரண்டாகக் கிழித்தார். புது அட்டை எடுத்து, நிதானமாக எழுதி, சத்தமாகப் படித்தார்.

"எஃகு ஊசி. 1943 ஜூலை 11 அன்று, பத்தொன்பது வயதுத் தமிழ்த் தொழிலாளி சிங்காரத்தைக் காப்பாற்ற எடுத்துச் செல்லப்பட்டது. காவலர்கள் பாதையை மூடியதால் உரிய நேரத்தில் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை." பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "உன் பேரை எழுதலை. வேண்டியதில்லை. இது சரியா?"

சுப்பையா தலையாட்டப் போனார். அப்போது மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள். கிழித்த அட்டையின் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, வார்டில் சார்ட்டைப் பார்ப்பது போல, தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருட நர்ஸ். எத்தனை மணிக்கு மருந்து கொடுத்தது, எத்தனை மணிக்குக் காய்ச்சல் ஏறியது என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண்.

"அப்பா," என்றாள் தமிழில், குரலைத் தாழ்த்தி. "ஹாரி செத்த அன்னைக்குத்தானே அவருக்கு வெந்நீர் ஊத்துனீங்க. அப்ப ஹாரி உசுரோட இருந்தாரா?"

சுப்பையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க எப்பப்பா திரும்பி வந்தீங்க?"

கடைசியில் ஒருத்தி கேட்டுவிட்டாள். அதுவும் லெஸ்ஸுக்குப் புரியாத பாஷையில். மூன்றாம் பேருக்குத் தெரியாமல் முடித்துக்கொள்ள வழி வைத்துத்தான் கேட்டாள். அவளுக்கும் அப்பா வேண்டியிருந்தது. தமிழிலேயே ஒரு பதிலைச் சொல்லிவிட்டால், அது வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும். லெஸ் பேனாவைப் பிடித்தபடி, குடும்பப் பேச்சு முடியட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்.

சுப்பையா மகளைப் பார்க்கவில்லை. லெஸ்ஸைப் பார்த்து, ஆங்கிலத்தில் சொன்னார்.

"பதின்மூன்றாம் தேதி காலையில் வந்துட்டேன், லெஸ். கஞ்சி ஊற்றுகிற நேரம். உங்க கையில் வெந்நீர் ஊற்றும்போது ஊசி என் மடியில் இருந்தது. சாயந்தரம் கேப்டன் ஹாரிக்கு மூங்கில் போட்டுப் பார்த்தார். காலைப் பிடிச்சது நான். அப்பவும் இருந்தது. பாதை மூடியிருந்தது வில்க்ஸுக்கு. ஹாரிக்கு நேரம் இருந்தது."

லெஸ் தான் எழுதிய புது அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"காலையிலேயா?" என்றார் லெஸ்.

"காலையிலே."

"ஏன்?"

சுப்பையா யோசித்தார். ஸ்டோர் லிஸ்ட், சிவப்புப் பென்சில், மூத்த டிரெஸ்ஸர் என்று எல்லாவற்றையும் சொல்லலாம்தான். ஒரு உயிருக்கு முன்னால் அதையெல்லாம் சொல்ல அவருக்கு வாய் கூசியது.

"பயம்," என்றார். "லிஸ்ட்டில் அடிச்சாச்சுன்னு சொன்னீங்க. எடுத்துக் கொடுத்தால் திருடன்னு சொல்லுவாங்கன்னு பயம். வேற ஒண்ணும் இல்லை."

லெஸ் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். பீர் பாட்டில், குழாய், கரண்டி, ரம்பம், மூங்கில் ஊசி என்று ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அவசரப்படவில்லை. எஃகு ஊசியைத் தொடவே இல்லை. கடைசியில், எழுதாத அட்டை ஒன்றை எடுத்து சுப்பையாவின் முன்னால் போட்டார்.

"நீயே எழுது. தேதியும் நேரமும் போட்டு எழுது. உன் பேரைப் போடு."

சுப்பையா எழுதினார். தோட்டத்து ரிப்போர்ட் எழுதிப் பழகிய உருண்டை எழுத்து. எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. தனலெட்சுமி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்டே வரவில்லை. லெஸ் அட்டையை வாங்கிப் படித்தார். ஊசியைப் பஞ்சில் சுற்றி, அட்டையோடு தன் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார்.

விக்னராஜா கார்ச் சாவியை எடுத்தான். "நான் உங்களைக் கொண்டுபோய் விடுறன், மிஸ்டர் பார்லோ," என்று ஆங்கிலத்தில் சொன்னான். வேண்டாம் என்று லெஸ் கையைக் காட்டினார். ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடுவாராம். வாசல் வரைக்கும் போனவர் பெட்டியோடு நின்றார். கை கொடுக்கவில்லை. சுப்பையா எதிர்பார்க்கவும் இல்லை.

"ஹாரியோட அம்மா இன்னும் இருக்காங்க," என்றார் லெஸ். "எங்க ஊர் பெண்டிகோவிலேயே. தொண்ணூறு ஆகுது. நான் ஊர் திரும்பினதும் முதல் வேலையாக அங்கேதான் போனேன். ஊசியைத் தொலைச்சது நான்தான்னு சொன்னேன். அதுக்கப்புறம் நாலு வீடு தள்ளி இருந்த எங்க அம்மாகிட்டக்கூட அவங்க பேசலை. எங்க அம்மா செத்தப்பவும் வரலை."

சுப்பையா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கிழமை எட்டு மணிக்கு வர்றேன். ரெடியா இரு."

"வர்றேன், லெஸ்."

"வீட்டுக்குள்ளே கூப்பிட மாட்டாங்க," என்றார் லெஸ். "வாசலில் நின்னுதான் சொல்லணும். நான் அப்படித்தான் சொன்னேன்."